தாகமில்லாத குடி: டோபமினின் பயணம்

பிறந்து 42 ஆண்டுகள் வரை தனக்கென்று ஒரு பெயர் இல்லாமல் கிடந்த பொருள் டோபமின். 1910-ல் லண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் பார்கரும் ஆர்தர் யூவின்ஸும் அதை முதன்முதலில் தயாரித்தார்கள். அட்ரினலினைப் போல ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடிய சேர்மங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வரிசையில் இது சுமாரான ஒன்று. அட்ரினலின் செய்யும் வேலையைப் பலவீனமாகச் செய்தது, அவ்வளவுதான். நீளமான வேதியியல் பெயரைச் சொல்லியே அதைக் குறிப்பிட்டு வந்தார்கள். 1952-ல்தான் உடலியங்கியல் அறிஞர் ஹென்றி டேல் ‘டோபமின்’ என்று சுருக்கிச் சொல்லலாம் என்றார்.

இன்று அந்தப் பெயர் எல்லார் வாயிலும் புழங்குகிறது. ரீல்ஸ் பார்த்தாலும் டோபமின், ஜிலேபி தின்றாலும் டோபமின். ‘இன்பத்தின் ரசாயனம்’ என்ற பட்டமும் அதற்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பட்டம் டோபமினுக்குப் பொருந்தாது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை ஆய்வுக்கூட எலிகள். அதுவும் கூண்டில் மாட்டியிருந்த தண்ணீர்ப் புட்டியின் அருகில். டோபமினை இழந்த எலி, பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும் குடிக்கவில்லை. டோபமின் குறையாமல் இருந்த எலியோ, ஒரு குறிப்பிட்ட சூழலில் வைக்கப்பட்டபோது, தாகமே இல்லாமல் குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு உயிர் ஏன் ஒரு காரியத்தை நிறுத்த முடியாமல் தவிக்கிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டு எலிகளும் சேர்ந்து சொல்லும் பதில், குடியைப் பற்றி நாம் வைத்திருக்கும் பல தீர்ப்புகளை மாற்றக்கூடியது.

அவரை விதையிலிருந்து மூளைக்கு

டோபமின் மூளைக்குள் வந்து சேர்ந்த வழி சுற்றுவழி. உடல் அதை நேரடியாக உணவிலிருந்து எடுப்பதில்லை. எல்-டோபா என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரித்துக்கொள்கிறது. 1913-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் மார்க்கஸ் குகன்ஹைம் அந்த எல்-டோபாவை ஒருவகை அவரை விதையிலிருந்து பிரித்தெடுத்தார். இரண்டரை கிராம் தானே விழுங்கிப் பார்த்தார். கடுமையாக வாந்தி எடுத்தார். மருந்தாக இதில் ஒன்றும் பெரிதாக இல்லை என்று அப்போதைக்கு அந்தக் கதை முடிந்தது.

1937-ல் சென்னையில் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோபாவைப் பிரித்து, ‘பயோகெமிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். தொட்டால் அரிக்கும் காயோடு வேலியோரத்தில் படர்கிற அதே பூனைக்காலிதான். சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் நெடுங்காலமாகப் புழங்கும் விதை. எல்-டோபாவை டோபமினாக மாற்றும் நொதியை மறு ஆண்டே ஜெர்மனியில் பீட்டர் ஹோல்ட்ஸ் கண்டுபிடித்தார். ஆனாலும் டோபமினுக்கு மரியாதை வரவில்லை. நார்அட்ரினலினை உண்டாக்கும் வழியில் உடல் தங்கிப் போகிற ஒரு இடைநிலைப் பொருள் என்றுதான் அதைக் கருதினார்கள்.

1957-ல் நிலைமை மாறியது. இங்கிலாந்தின் ரன்வெல் மருத்துவமனையில் கேத்லீன் மான்டகு மூளைத் திசுவில் டோபமின் இருப்பதைக் காட்டினார். அதே ஆண்டு ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சனும் அவருடைய குழுவினரும் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார்கள். ரெசர்பின் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து வந்த மருந்து. ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அப்போது உலகமெங்கும் கொடுக்கப்பட்டுவந்தது. முயல்கள் காதுகளைத் தொங்கவிட்டு, அசைவில்லாமல் கிடந்தன. எல்-டோபாவை ஊசியில் ஏற்றியதும் சற்று நேரத்தில் எழுந்து நடமாடின. அவற்றின் மூளையில் திரும்பி வந்திருந்தது டோபமின்தான் என்பதை அடுத்த ஆண்டே குழு காட்டியது. அசைவுக்கும் டோபமினுக்கும் உறவு இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. 1960-ல் வியன்னாவில் ஹெர்பர்ட் எரிங்கரும் ஓலே ஹோர்னிகிவிச்சும் பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தபோது, டோபமின் அங்கே வற்றிப் போயிருந்தது. கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையில் ஸ்வீடனில் பெங்ட் ஃபால்க்கும் நில்ஸ்-ஆக்கே ஹிலார்ப்பும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உறைய வைத்து உலர்த்திய மூளைத் துண்டை ஃபார்மால்டிஹைடு ஆவியில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தால், டோபமின் உள்ள நரம்புகள் பச்சையாக ஒளிர்ந்தன. 1964-ல் அனிகா டால்ஸ்ட்ரோமும் செல் ஃபுக்ஸும் இந்த ஒளியைப் பின்தொடர்ந்து எலி மூளைக்கு வரைபடமே போட்டார்கள். டோபமின் செல்கள் மிகக் குறைவு என்பது அப்போது தெரிந்தது. மனித மூளையின் பல ஆயிரம் கோடி நரம்புச் செல்களில், நடுமூளையில் இருக்கும் டோபமின் செல்கள் சில லட்சம் மட்டுமே. ஆனால் அவற்றின் இழைகள் தொலைதூரம் போகின்றன. ஒரு கற்றை, மூளையின் அடியில் ஸ்ட்ரையாட்டம் என்ற பெரிய முடிச்சின் மேல்பகுதிக்குப் போகிறது. இன்னொன்று அதன் கீழ்முனையில் உள்ள நியூக்ளியஸ் அக்கம்பென்ஸுக்குப் போகிறது. இந்தக் கீழ்ப்பகுதியையும் மேல்பகுதியையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குடியின் கதை இவற்றுக்கு நடுவில்தான் நகர்கிறது.

குடிக்காத எலி

பசிக்கும் தாகத்துக்கும் மூளையில் தனித்தனி ‘மையங்கள்’ உண்டு என்று 1950-களில் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் நம் நாட்டவரான பால் கிருஷ்ண ஆனந்த். பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியவர். 1951-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பிரோபெக்குடன் சேர்ந்து, மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் பக்கவாட்டில் சிறு புண் ஏற்படுத்தினால் எலி சாப்பிடுவதையே விட்டுவிடுகிறது என்று காட்டினார். தண்ணீரையும் தொடாது என்பது தொடர்ந்து வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

1971-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் உர்பன் உங்கர்ஸ்டெட் இந்தக் கதையைத் திருப்பினார். அவர் பயன்படுத்தியது டோபமின் போலவே இருக்கும் ஒரு நஞ்சு. டோபமின் இழைகள் அதைத் தம் சொந்தப் பொருள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன, இழுத்ததும் அழிகின்றன. ஹைப்போதலாமஸைத் தொடாமல், டோபமின் கற்றையை மட்டும் இந்த நஞ்சால் அழித்தார். எலிகள் உண்பதையும் குடிப்பதையும் நிறுத்திவிட்டன. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் அவை, உணவும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க, செத்துப்போகும். ஆனந்த் கண்ட புண், அந்த வழியாகச் செல்லும் டோபமின் கற்றையையும் அறுத்திருந்தது என்பது அப்போது புரிந்தது.

அந்த எலிக்கு என்ன போயிற்று? இன்பமா? ‘ஆம்’ என்று அப்போது பலர் சொல்லியிருப்பார்கள். 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளையில் மின்முனை வைத்தபோது, எலிகள் அந்த மின்தூண்டலைப் பெறுவதற்காக மணிக்கணக்கில் லீவரை அழுத்தின. மின்முனை தொட்ட இடத்தை ‘இன்ப மையம்’ என்றார்கள். அதன் ரசாயனம் டோபமின்தான் என்பது 1970-களில் வலுத்த கருத்து.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் அதை எலியின் முகத்தில் சோதித்தார்கள். எலியின் நாக்கில் சர்க்கரைக் கரைசல் பட்டால் அது நாக்கைச் சற்று நீட்டி, உதட்டோரத்தை நக்கி, முன்னங்காலையும் நக்கும். கசப்புப் பட்டால் வாயை அகலத் திறந்து, தலையை உதறி, கையால் வாயைத் துடைக்கும். பச்சைக் குழந்தையின் முகத்திலும் ஏறக்குறைய இதே அசைவுகளைப் பார்க்கலாம். டோபமினை ஏறக்குறைய முழுதும் இழந்து, தானாக உண்ணவோ குடிக்கவோ செய்யாத எலியின் வாயில் சர்க்கரைத் தண்ணீரை விட்டார்கள். அது நாக்கை நீட்டி, உதட்டை நக்கியது. இனிப்பு அதற்குப் பிடித்தே இருந்தது. அந்த இனிப்பை நோக்கி நான்கு அடி எடுத்து வைக்கத்தான் முடியவில்லை.

பிடிப்பது வேறு, நாடுவது வேறு என்ற முடிவுக்கு இருவரும் 1980-களின் இறுதியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். டோபமினின் வேலை நாடச் செய்வது. குடியில் மூழ்கிய ஒருவர் ‘இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை’ என்று சொல்லும்போது வீட்டார் நம்புவதில்லை. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

குடித்துக்கொண்டே இருந்த எலி

இரண்டாவது எலி கொஞ்சம் முன்னதாகவே, 1961-ல், அட்லாண்டிக்கின் மறுகரையில் வந்துவிட்டது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜான் ஃபால்க் பசியோடு வைத்திருந்த எலிகளை ஒரு பெட்டியில் விட்டார். லீவரை அழுத்தினால் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறை சின்ன உணவு உருண்டை ஒன்று விழும். எடை 45 மில்லிகிராம். ஒரு நெல்மணியைவிடச் சற்றே பெரிது. தண்ணீர்ப் புட்டி எப்போதும் பெட்டியிலேயே இருந்தது. எலிகள் தாகத்தோடு உள்ளே வரவில்லை. கூண்டிலும் அவற்றுக்குத் தண்ணீர் தடையில்லாமல் கிடைத்தது.

நடந்ததை நெருங்கிப் பார்க்கலாம். உருண்டை தட்டில் விழும் சத்தம். எலி பாய்ந்து எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சில வினாடிகளில் தின்று முடிக்கிறது. உடனே திரும்பித் தண்ணீர்க் குழலுக்குப் போகிறது. நொடிக்கு ஆறேழு தடவை நாக்கு போய்வருகிறது. சிறிது நேரம் அப்படியே குடிக்கிறது. பிறகு தட்டுக்குத் திரும்பி, அடுத்த உருண்டைக்கான காத்திருப்பு. உருண்டை விழுகிறது, தின்கிறது, மறுபடியும் குழல். ஒவ்வொரு உருண்டைக்குப் பின்னும் இதே. சுமார் மூன்று மணி நேரத்தில் ஓர் எலி சராசரியாக 90 மில்லிலிட்டருக்கு மேல் குடித்திருந்தது. அதற்கு முன் ஒரு நாள் முழுவதும் அது குடித்துவந்ததைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். உடல் எடையில் ஏறக்குறைய பாதி.

இதில் எந்த நியாயமும் இல்லை என்று ஃபால்க்கே பிறகு எழுதினார். பட்டினி கிடக்கும் எலி வழக்கமாகத் தண்ணீரையும் குறைத்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரை உடல் சூட்டுக்கு ஏற்றி, சிறுநீராக வெளியே தள்ளுவது, ஏற்கெனவே தீனிப் பஞ்சத்தில் இருக்கும் பிராணிக்கு வீண் செலவு. அளவு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து. வறண்ட உணவால் வாய் காய்ந்ததா என்று பார்த்தார்கள். திரவ உணவு கொடுத்தபோதும் எலி குடித்தது. வயிற்றில் முன்கூட்டியே தண்ணீரை நிரப்பிவிட்டுப் பார்த்தார்கள், அப்போதும் குடித்தது. அத்தனை உருண்டையையும் ஒரே தட்டில் மொத்தமாக வைத்தால் மட்டும் அந்த வெறி வரவில்லை.

அப்படியானால் காரணம் உணவிலும் தண்ணீரிலும் இல்லை, இடைவெளியில் இருந்தது. உருண்டைகளுக்கு நடுவில் சில வினாடிகளே இருந்தால் எலி அதிகம் குடிப்பதில்லை. இடைவெளி கூடக் கூடக் குடியும் கூடுகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் உச்சம். ஐந்து நிமிடத்தை நெருங்கினால் மறுபடியும் குறைகிறது. லீவர்கூடத் தேவையில்லை, உருண்டை தானாக விழுந்தாலும் போதும். பசி இருக்க வேண்டும், கிடைப்பது கொஞ்சமாக இருக்க வேண்டும், அடுத்தது வரும் என்ற நம்பிக்கையும் வரும்வரை வேறு வழியில்லாத காத்திருப்பும் இருக்க வேண்டும். இந்த நான்கும் சேரும் இடத்தில் கையருகே எது இருக்கிறதோ அது மிகையாகிவிடுகிறது. எலிக்குத் தண்ணீர். புறா பக்கத்துப் புறாவைக் கொத்தும். கட்டை போட்டிருந்தால் எலி கட்டையைக் கடிக்கும்.

1979-ல் லிண்டா பிரெட்டும் சீமோர் லெவினும் இன்னொன்றைக் கண்டார்கள். இப்படிக் குடிக்கும் எலிகளின் ரத்தத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன் இறங்கியது. தண்ணீர் அவற்றின் தாகத்துக்கு வேண்டியிருக்கவில்லை. காத்திருப்பின் வேதனைக்கு வேண்டியிருந்தது.

இரண்டு எலிகளும் சந்தித்த இடம்

உங்கர்ஸ்டெட்டின் நஞ்சும் ஃபால்க்கின் பெட்டியும் 1980-ல் சந்தித்தன. கேம்பிரிட்ஜின் ட்ரெவர் ராபின்ஸும் கலிபோர்னியா சால்க் நிலையத்தின் ஜார்ஜ் கூப்பும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய ஆய்வு அது. கீழ்முனையான நியூக்ளியஸ் அக்கம்பென்ஸில் மட்டும் டோபமின் இழைகளை அழித்தார்கள். இந்த எலிகள் சாதாரணமாகச் சாப்பிட்டன. தாகத்தோடு விட்டால் மற்ற எலிகளைப் போலவே தண்ணீர் குடித்தன. ஆனால் உருண்டை விட்டு விட்டு விழும் பெட்டியில் வைத்தபோது அந்த மிகைக் குடி அவற்றுக்குப் பிடிபடவே இல்லை.

தேவைக்காகக் குடிப்பதும் நிறுத்த முடியாமல் குடிப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். அதே புட்டி, அதே நாக்கு. உள்ளே அவை இரண்டு வெவ்வேறு வேலைகள் என்று இந்த ஒரு சோதனை பிரித்துக் காட்டியது. இந்த ஆய்வை டோபமினின் வாழ்க்கையில் பெரிய திருப்பமாக நான் கருதுவது அதனால்தான்.

பின்னால் மனநல மருத்துவர்கள் இந்தப் பெட்டியைக் கவனமாகப் பார்த்தார்கள். நெடுநாள் ஸ்கிசோஃப்ரினியாவால் அவதிப்படுகிறவர்களில் ஒரு பகுதியினர் தண்ணீரை அளவில்லாமல் குடிக்கிறார்கள். சோடியம் குறைந்து வலிப்புகூட வருகிறது. கைகளைத் திரும்பத் திரும்பக் கழுவச் செய்யும் எண்ணச் சுழற்சி நோய்க்குக் கொடுக்கும் குளோமிப்ரமின், ஃப்ளூவாக்ஸெடின் ஆகிய மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் எலிகளின் மிகைக் குடியும் குறைந்தது. அவை முக்கியமாக செரடோனின் வழியாக வேலை செய்பவை. ஆக, இந்த நாடகத்தில் டோபமின் தனி நடிகர் இல்லை. எல்லா எலியும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. ஒரே பெட்டி, ஒரே அட்டவணை. சில எலிகள் கொஞ்சம் குடித்து நிறுத்தின, சில நிறுத்தவே இல்லை. ஸ்பெயினின் அல்மேரியா பல்கலைக்கழகத்தில் மார்கரிட்டா மொரேனோவின் குழு இந்த வேறுபாட்டையே ஆராய்ச்சியின் மையமாக எடுத்துக்கொண்டது.

கீழிருந்து மேலே

ஒரு செயல் பழக்கமாகும்போது மூளையில் என்ன நடக்கிறது? கேம்பிரிட்ஜில் ஆண்டனி டிக்கின்சனுடன் பணியாற்றிய கிறிஸ்டோபர் ஆடம்ஸ் 1982-ல் ஒரு தெளிவான சோதனை செய்தார். எலிகள் லீவரை அழுத்திச் சர்க்கரை உருண்டை வாங்கக் கற்றுக்கொண்டன. ஒரு கூட்டம் 100 தடவை அழுத்தியிருந்தது, இன்னொன்று 500 தடவை. பிறகு அந்த உருண்டையைத் தின்னக் கொடுத்து, குமட்டல் வரவழைத்தார்கள். எலிகள் உருண்டையை வெறுத்தன. மறுபடி லீவரின் முன்னால் விட்டபோது, குறைவாகப் பழகிய எலிகள் அழுத்துவதைக் குறைத்தன. 500 தடவை பழகியவை தொடர்ந்து அழுத்தின. வேண்டாத ஒன்றுக்காக அழுத்தின. வீட்டில் ஸ்விட்சை இடம் மாற்றிய பின்னும் இருட்டில் கை பழைய சுவரையே தடவுகிறதல்லவா, அதைப் போல.

2004-ல் ஹென்றி யின், பார்பரா நோல்டன், பெர்னார்ட் பாலைன் ஆகியோர் ஸ்ட்ரையாட்டத்தின் மேல்பக்க வெளியோரத்தை அழித்துப் பார்த்தார்கள். எவ்வளவு பழக்கினாலும் எலி பழக்கத்துக்குள் விழவில்லை. உருண்டை வேண்டாதபோது நிறுத்தியது. அந்தப் பகுதிக்கு வரும் டோபமினை மட்டும் அழித்தாலும் பழக்கம் உருவாவது தடைபடுகிறது என்று 2005-ல் பிரான்ஸில் அலெக்சிஸ் ஃபோர் குழு காட்டியது.

அதே ஆண்டு கேம்பிரிட்ஜின் பாரி எவரிட்டும் ராபின்ஸும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். போதை முதலில் கீழ்முனையில், நாட்டத்தின் இடத்தில் தொடங்குகிறது. நாள்பட நாள்பட, கட்டுப்பாடு மேல்பகுதிக்கு, பழக்கத்தின் இடத்துக்குக் கைமாறுகிறது. இந்தக் கைமாற்றத்துக்கு உடற்கூறிலேயே வழி இருக்கிறது. கீழ்ப்பகுதி நடுமூளையின் டோபமின் செல்களோடு பேச, அவை சற்று மேலே உள்ள பகுதிக்கு டோபமின் அனுப்ப, அது அடுத்த செல்களோடு பேச என்று சுருள் சுருளாக ஏறும் இணைப்புகளைச் சூசன் ஹேபர் 2000-ல் குரங்குகளின் மூளையில் விவரித்திருந்தார்.

தண்ணீரிலிருந்து சாராயத்துக்கு

ஃபால்க் தன் பெட்டியில் தண்ணீருக்குப் பதிலாகச் சாராயம் கலந்த நீரையும் வைத்துப் பார்த்தார். எலிகளைச் சாராயத்துக்கு அடிமையாக்குவது எளிதல்ல. அந்தக் கசப்பும் எரிச்சலும் பெரும்பாலான எலிகளுக்குப் பிடிப்பதில்லை. 1972-ல் அவரும் ஹெர்மன் சாம்சனும் கெயில் விங்கரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய முடிவு: இரவு பகலாக இடைவெளி விட்டு உருண்டைகள் விழுந்த அட்டவணையில், எலிகள் யாரும் வற்புறுத்தாமலே நாளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சராசரி 13 கிராம் அளவுக்குச் சாராயம் குடித்தன. அதை நிறுத்தியபோது சத்தத்துக்கே வலிப்பு கண்டன. மனிதர்கள் திடீரென்று குடியை நிறுத்தும்போது வரும் அதே வலிப்பு. எலிகளைக் குடிகாரர்களாக்கியது சாராயத்தின் ருசி என்று இங்கே யாரும் சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்த உணவும், அதற்கு நடுவிலிருந்த காத்திருப்பும் சேர்ந்து செய்த வேலை அது.

இடைவெளியின் வலிமையை ராய் வைஸ் 1973-ல் வேறு விதமாகக் காட்டினார். தினமும் கொடுக்காமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாராயம் கிடைக்கச் செய்தால், எலிகள் குடிக்கும் அளவு ஏறிக்கொண்டே போனது. 2010-ல் ஃபிரெடரிக் ஹாஃப்பின் குழு இதே முறையில் மூன்று நான்கு மாதம் பழகிய எலிகளின் சாராயத்தில் கசப்பான குயினைனைக் கலந்தது. ஆரம்பத்தில் அதைக் கண்டு பின்வாங்கியிருக்கும் எலிகள் இப்போது கசப்போடு சேர்த்துக் குடித்தன. 2012-ல் லாரா கார்பிட், ஹோங் நீ, பாட்ரீசியா யானக் மூவரும் எட்டு வாரம் சாராயத்துக்காக லீவர் அழுத்திய எலிகள் பழக்கத்தின் பிடிக்குப் போய்விட்டதைக் கண்டார்கள். அந்த எலிகளின் ஸ்ட்ரையாட்டத்தில் மேல்பக்க வெளியோரத்தைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்ததும் அவை மீண்டும் யோசித்து நடந்தன. பழக்கத்துக்குப் போன எலியின் உள்ளே பழைய, எடைபோடும் எலி அழியாமல் இருந்தது. எனக்கு இந்த ஆய்வுகளிலேயே மிகப் பெரிய நம்பிக்கையைத் தரும் முடிவு இதுதான்.

எல்லா எலியும் இந்த நிலைக்கு வருவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 2018-ல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங்கில் எரிக் ஓஜியேவும் மார்க்கஸ் ஹைலிக்கும் சாராயத்தையும் இனிப்பு நீரையும் ஒன்றாக வைத்து எலிகளைத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். பெரும்பான்மை எலிகள் இனிப்புக்குப் போயின. சுமார் 15 சதவீதம் மட்டும் சாராயத்தையே பிடித்துக்கொண்டன. காலில் மின் அதிர்ச்சி கிடைக்கும் என்றாலும் விடவில்லை. அவற்றின் அமிக்டலா என்ற பகுதியில், நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற பொருளை அகற்றும் புரதம் குறைந்திருந்தது. சாராயத்துக்கு அடிமையாகி இறந்த மனிதர்களின் மூளையிலும் அதே குறை தென்பட்டது. டோபமினின் பயணத்தில் மற்ற பொருள்களும் வழித்துணையாக வருகின்றன.

எலி சொல்வதும் சொல்லாததும்

எலி மனிதன் இல்லை. அதற்குக் கடன் இல்லை, கூலி பாக்கி இல்லை, ஊரார் பேச்சு இல்லை. கூண்டுக்குள் கண்டதை அப்படியே தெருவுக்குக் கொண்டுவந்து பொருத்தினால் தவறாகிவிடும். இந்த அறிவுக்கு விலையாக எத்தனையோ பிராணிகள் பட்டினியும் வலியும் மரணமும் கண்டிருக்கின்றன என்பதும் சொல்லப்பட வேண்டியது. அவ்வளவு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டதை நாம் பயன்படுத்தாமல் விடுவதுதான் பெரிய அநியாயம்.

குடிநோயாளியைப் பற்றி நம்மிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. சுகம் கண்டவன் விட மாட்டான் என்பது ஒன்று. மனசு வைத்தால் நிறுத்தலாம் என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பை, டோபமினை இழந்தும் இனிப்பை ரசித்த எலி மறுக்கிறது. ரசிப்பதற்கும் நாடுவதற்கும் மூளையில் வேறு வேறு வழிகள். இரண்டாவதை, வெறுத்த உருண்டைக்காக லீவரை அழுத்திக்கொண்டிருந்த எலி மறுக்கிறது. பழக்கமாகிவிட்ட செயல் ‘வேண்டுமா’ என்ற கேள்வியைக் கேட்காமலே நடந்துவிடுகிறது. பாத்திரம் கழுவவும் சைக்கிள் ஓட்டவும் நம்மை யோசிக்காமல் செய்யவைக்கும் அதே ஏற்பாடு, தவறான இடத்தில் மாட்டிக்கொள்வதுதான் கட்டாயக் குடி. அதை ஒழுக்கக்கேடு என்று பெயரிட்டு ஒதுக்கும்போது, சிகிச்சைக்கு வரும் வழியை நாமே அடைக்கிறோம். வெட்கம் அந்த மனிதரின் அழுத்தத்தைக் கூட்டும்; அழுத்தம் எதை நோக்கித் தள்ளும் என்பதை ஃபால்க்கின் பெட்டி காட்டிவிட்டது.

நாள்பட்ட குடியைத் திடீரென்று தனியாக நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து உண்டு. மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் நாட்டத்தைத் தணிக்க உதவுகின்றன. மருந்தோடு சேர்ந்து, அந்த மனிதரின் நாளில் உள்ள இடைவெளிகளையும் பார்க்க வேண்டும். வேலை முடிந்து கூலிக்கு நிற்கும் நேரம், வேலையே இல்லாத பகல், கைக்குக் கொஞ்சமாக வந்து அடுத்தது எப்போது என்று தெரியாத வாரம். அங்கே கையருகில் என்ன இருக்கிறது என்பதை வீட்டாரும் நண்பர்களும் முதலாளியும் அரசும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். பசியையும் நிச்சயமின்மையையும் அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே கடையையும் திறந்து வைத்துவிட்டு, மன உறுதியை மட்டும் கேட்பது நியாயமாகாது.

அதனால், வீட்டில் ஒருவர் குடியிலிருந்து வெளியே வர முயலும்போது ‘ஏன் குடிக்கிறாய்’ என்ற கேள்வியை ஒதுக்கி வைக்கலாம். அதற்குப் பெரும்பாலும் அவரிடமே பதில் இருக்காது. எந்த நேரத்தில், எது முடிந்த பிறகு, எதற்காகக் காத்திருக்கும்போது கை அந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியும். சொன்ன பிறகு, அந்த நேரத்தில் அவரோடு இருக்க ஓர் ஆளையும் ஒரு வேலையையும் ஏற்பாடு செய்ய நம்மால் முடியும்.